சந்திரமதியின் கடன்

மயான காண்டத்தை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனாய் நின்று பாடிய இரவுகளிலே, கோயில் வீதிகளில் விடியுமளவும் இருந்து கண்ணீர் விட்டவர்கள் நம் தந்தையரும் தாயரும். அந்தக் கண்ணீர் பொய்க் கண்ணீர் அன்று. ஆயினும் அஃது எவர் பொருட்டுச் சிந்திய கண்ணீர் என்று கேட்டால், அரிச்சந்திரன் பொருட்டு என்றே பெரும்பாலோர் சொல்வர். நாட்டை விட்டான், மனைவியையும் மைந்தனையும் விற்றான், தன்னையும் விற்றான், சுடலை காத்தான். எல்லாம் உண்மையே. பட்ட கடனைத் தீர்த்தே ஆகவேண்டும் என்னும் அறத்துக்கு இவனைக் காட்டிலும் பெரிய சான்று நம்மிடம் இல்லை.

அந்தக் கதையை ஒருமுறை கணக்குப் பார்க்கிற கண்ணோடு படித்துப் பாருங்கள். விசுவாமித்திரனுக்குச் சொல் கொடுத்தவன் அரிச்சந்திரன். சந்திரமதி ஒரு சொல்லும் கொடுத்தவள் அல்லள். ஒரு காசும் வாங்கியவள் அல்லள். விலைப்பட்டவள் அவள். அந்நியன் வீட்டிலே, கையிலே பிள்ளையோடு, துணையின்றித் தொண்டு செய்தவள் அவள். பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பவேண்டாம் என்று சொல்லும் உரிமைகூட அவளுக்கு இல்லை. பாம்பு தீண்டி மாண்ட மகனைச் சுமந்துகொண்டு சுடலைக்கு வந்தபோது, சுடலைக் கூலியை வைத்த பிறகே சுடலாம் என்று வழிமறித்தவன் யார்? கடன்பட்ட அந்தக் கணவனே. இந்த இடத்துக்கு நாம் இன்னும் சரியான உரை எழுதவில்லை என்பது என் எண்ணம்.

இக்காலத்துச் சந்திரமதியர் சுடலையிலே நிற்பதில்லை. வங்கி மண்டபத்திலே, இலக்கச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குளிரூட்டியின் கீழே வியர்த்துக்கொண்டு இருக்கிறார்கள். கணவனை இழந்தவர்; கணவன் கைவிட்டவர்; கணவன் 2009 ஆம் ஆண்டிலே எங்கே போனான் என்று இன்றுவரை அறியாதவர். தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் இப்பெண்களுக்கு நமது அலுவலக மொழி ‘பெண் தலைமைக் குடும்பம்’ என்று ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. தலைமை என்னும் சொல்லுக்கு இவ்வளவு பாரம் உண்டென்று நிகண்டு செய்தவர்கள் அறிந்திலர்.

நிகண்டும் நன்னூலும் படிப்பிக்கிற ஒருவனுக்கு வங்கிக் கணக்கிலே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. இந்நாட்டிலே அரச ஆசிரியன் ஒருவன் தமிழ் அறியாது இருந்துவிடலாம். பிணைக் கையொப்பம் இடாது இருந்துவிட முடியாது. வங்கியிலே கடன் எடுக்கப் போகிறவரிடம் கேட்கப்படுவது, நிரந்தரச் சம்பளமுடைய இருவர் பிணை. அந்த இருவரும் பெரும்பாலும் ஆசிரியர்களே. ஓய்வறையிலே தேநீருக்கு அடுத்தபடியாகக் கைமாறுவது பிணைப் படிவந்தான். பிணை என்ற சொல்லுக்குப் பெண்மான் என்றும் ஒரு பொருள் உண்டு. படிவத்திலே ஒப்பமிடும்போதெல்லாம் எனக்கு அந்த மான்தான் நினைவுக்கு வருகிறது. வேடன் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

நான் பிணை நின்ற ஒரு கடனைப் பற்றிச் சொல்கிறேன். கடன்காரர் இசைந்தே சொல்கிறேன். பெயர், ஊர், வங்கி மூன்றையும் மறைத்திருக்கிறேன், எண்களை மறைக்கவில்லை.

அவர் ஓர் ஆசிரியை. 2020 ஆம் ஆண்டிலே கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வீட்டுக் கடன் எடுத்தார்கள். 20 இலட்சம் ரூபா, 15 ஆண்டு, நூற்றுக்கு 12 வட்டி, முதல் இரண்டாண்டுக்கு அந்த வட்டி மாறாது, பின்னர் சந்தையைப் பொறுத்து மாறும். மாதத் தவணை 24,003 ரூபா. இருவர் உழைப்பிலே அது பெரிய தொகை அன்று. 2021 இலே கணவர் வெளிநாடு போனார். முதல் நாலைந்து மாதம் காசு வந்தது. பிறகு பேச்சு வந்தது. பிறகு பேச்சும் நின்றது. அங்கே வேறு குடித்தனம் என்று ஊர் சொல்கிறது. ஊர் சொல்வதை நான் எழுதுவதில்லை. வீட்டிலே எஞ்சியவர்கள் ஆசிரியையும், ஏழாம் வகுப்புப் படித்த மகளும், மூன்றாம் வகுப்புப் படித்த மகனும்.

2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆம் திகதி, மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த நாட்களை நாம் மறக்கவில்லை. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஆசிரியையின் கடனுக்கு இரண்டாண்டுத் தவணை நிறைந்தது அந்த வேளையிலே. வட்டி 24 ஆயிற்று.

இனிக் கணக்கு. மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தொடர்ந்து வரலாம். இரண்டாண்டிலே அவர் கட்டியது 576,000 ரூபாவுக்கு மேல். அவ்வளவும் கட்டி முதலிலே குறைந்தது 108,000 ரூபா மாத்திரம், மற்றெல்லாம் வட்டி. நின்ற முதல் ஏறத்தாழ 1,892,000. இதற்கு 24 வீத வட்டியில், எஞ்சிய 13 ஆண்டுக்கும் தவணை பார்த்தால் மாதம் 39,600 ரூபாவுக்கு மேல் வரும். ஆசிரியையின் கைக்கு வந்த சம்பளம் ஏறத்தாழ 45,000. கழித்தால் 5,400. மூன்று வயிறு, முப்பது நாள். ஒரு நாளைக்கு 180 ரூபா. அன்றைக்கு அந்தக் காசுக்கு ஓர் இறாத்தல் பாண் வராது.

வங்கி இரக்கமில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. வங்கியார் உடனே ஒரு சலுகை சொன்னார்கள். தவணைக் காலத்தை நீட்டித் தருகிறோம், 13 ஆண்டை 20 ஆண்டாக்கலாம் என்றார்கள். கேட்பதற்கு நல்ல செய்தி. ஆசிரியையும் ஒப்பமிடத் தயாரானார். ஓய்வறையிலே கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு பழைய தாளின் முதுகிலே போட்டுக் காட்டிய கணக்கு இது. 24 வீதத்திலே 20 ஆண்டு கட்டினால் மாதத் தவணை 38,169 ரூபா. அதாவது, மாதம் குறைவது 1,500 ரூபாகூட இல்லை. மொத்தமாகக் கட்டுவதோ 6,180,000 இலிருந்து 9,160,000 ஆக ஏறும். மாதம் ஒரு கோழி விலைக்காக 30 இலட்சம்! வட்டி குறைவாய் இருக்கும்போது காலத்தை நீட்டினால் பாரம் ஓரளவு குறையும். வட்டி உச்சியிலே நிற்கும்போது காலத்தை நீட்டுவது, கயிற்றை நீட்டுவதேயன்றிக் கழுத்துச் சுருக்கைத் தளர்த்துவது ஆகாது. தவணை கட்டமுடியாத நிலைக்கு வந்த எவரும், எந்தப் படிவத்திலும் ஒப்பமிடுமுன் இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கவேண்டும்: மாதத் தவணை எவ்வளவு, கடைசி நாள்வரை கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு. முதல் எண்ணைச் சொல்ல எல்லாரும் விரைகிறார்கள். இரண்டாவதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

மனுதர்ம சாத்திரம், ஒருமுறை கொடுத்த கடனுக்கு வாங்கும் வட்டி முதலை மிஞ்சலாகாது என்று வரம்பு கட்டியது. உரோம டச்சுச் சட்டமோ, செலுத்தாமல் நிலுவையாய் நின்ற வட்டி முதலுக்கு மேலே ஏறலாகாது என்றது. வேறு வேறு கடற்கரையிலே பிறந்த இரண்டு நூல்கள் ஒரே எண்ணத்திலே வந்து நிற்கின்றன. மாதந்தோறும் வாங்கிக்கொள்ளும் தவணை வட்டிக்கு இந்த வரம்புகள் எட்டா என்று வழக்கறிஞர் சொல்வர். எட்டாவிட்டால் போகட்டும், பழையவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதாவது தெரிகிறதல்லவா?

இந்த நிலையிலே அந்த ஆசிரியை செய்தது என்ன? எல்லாப் பெண்களும் செய்வதையே முதலில் செய்தார். வாய் திறக்கவில்லை. காதிலிருந்ததும் கழுத்திலிருந்ததும் அடைவு கடைக்குப் போயின. மாலையிலே நாலு வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மகள் சங்கீத வகுப்பை நிறுத்தினாள். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று பிள்ளையே சொல்லிவிட்டதாம். மூன்று மாதம் இப்படி ஓடியது. நான்காம் மாதம் தவணை தவறியது. அப்போதுதான் வங்கியிலிருந்து பிணையாளிகளுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தோடு நான் அவரிடம் போனபோது அவர் சொன்ன சொற்கள் இவை:

“பண்டிதர் ஐயா, இந்த மாதம் கட்டினால் பிள்ளையளுக்குச் சோறில்லை. கட்டாவிட்டால் உங்களுக்கு முகம் காட்டேலாது. எதைச் செய்ய?”

இந்தக் கேள்விக்கு நம் சமூகத்திலே ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. வாங்கினவள் கட்டத்தானே வேண்டும் என்பது அந்த விடை. ஓய்வறையிலும் அதுதான் பேச்சு. பேசியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அரிச்சந்திரனைப் படித்தவர்கள். கடன் தவறாமையைக் குலமானமாகக் கொண்ட ஊர் இது. அந்த மானத்தை நான் குறைத்துப் பேசேன். பட்ட கடனைக் கட்டவேண்டும் என்பதிலே எனக்கு ஐயமில்லை. கடன் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்திலே துடைத்துவிடவேண்டும் என்று மேடையிலே முழங்குவோர் கூட்டத்திலும் நான் இல்லை. வங்கியிலே கிடப்பது இன்னொரு கிழவியின் சேமிப்புப் பணமாகவும் இருக்கலாம். என் வழக்கு வேறு. எந்தக் கடனை முன்னே கட்டுவது என்பதே என் வழக்கு.

கடன் என்னும் சொல்லைத் தமிழர் இரண்டு பொருளுக்கு வைத்தார்கள். வாங்கிய பொருளும் கடன். செய்யவேண்டிய முறைமையும் கடன். புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய தாய், ஒரு மகனை ஆளாக்கும் வேலையை நாலு பேருக்குப் பங்கிடுகிறாள். பெற்று வளர்ப்பது தனக்கு; சான்றோனாக்குவது தந்தைக்கு; வேல் வடிப்பது கொல்லனுக்கு; நன்னடை நல்குவது வேந்தனுக்கு. ஒவ்வொருவர் பங்கையும் கடன் என்ற சொல்லாலேயே சொல்கிறாள். அந்தப் பாட்டைப் போர்ப்பாட்டாக மாத்திரம் படிப்பிக்கிறோம். அது பங்குப் பத்திரமும் ஆகும். தனித்து நிற்கும் தாயின் வீட்டிலே தந்தை தன் பங்கை எறிந்துவிட்டுப் போனார். அவர் எறிந்த பங்கும் அவள் தலையிலே. அந்த நிலையிலே, வங்கிக் கடன் ஒன்று தவறியதை ஊர் எண்ணுகிறது. அவள் தவறாது கட்டிவருகிற மற்றைக் கடன்களை எண்ணுவார் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் 12 ஆம் திகதி, இலங்கை அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமுடியாது என்று உலகறிய அறிவித்தது. காரணம் என்ன சொன்னார்கள்? கையிலிருக்கும் டொலர் உணவுக்கும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வேண்டும் என்றார்கள். நியாயமான காரணம். பிறகு கடன் கொடுத்தவர்களோடு மேசையில் இருந்து, வட்டியைக் குறைத்து, காலத்தை மாற்றி, 2024 ஆம் ஆண்டு டிசெம்பரிலே பிணைமுறிக்காரர்களோடும் கொடுக்கல் வாங்கலைப் புதுக்கி எழுதினார்கள். அதற்கு மறுசீரமைப்பு என்று பெயர். அதைச் செய்தவர்களுக்கு வாழ்த்துச் செய்தியும் வந்தது. நாடு ‘முதலிலே சோறு, பிறகு தவணை’ என்று சொன்னால் அது பொருளாதாரம். இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய் அதையே சொன்னால் அது மானக்கேடா? இந்த வேற்றுமைக்கு இலக்கணம் எந்த நூலில் இருக்கிறது?

ஆகவே நான் ஆசிரியைக்குச் சொன்னது இதுதான்: பிள்ளையளின் சோறும் படிப்பும் முதல். வெளிச்சம், தண்ணீர், மருந்து அடுத்து. அதன்பின் எஞ்சுவது எவ்வளவோ அது வங்கிக்கு; மறைக்காமல், மாதந்தோறும், திகதி தவறாமல். இதை வங்கிக்கு எழுத்திலே சொல்லிவிடு, பிள்ளை.

விண்ணப்பம் எழுதுவது எனக்குக் கைவந்த தொழில். நான் எழுதியிருந்தால் ‘கருணைக் கடலாகிய முகாமையாளர் அவர்கட்கு’ என்று தொடங்கி இரண்டு பக்கம் அழுதிருப்பேன். அவர் அப்படி எழுதவில்லை. ஒரு பக்கம். வரவு 45,000. உணவும் பிள்ளைகளின் செலவும் மற்றையவையும் இவ்வளவு. கட்டக்கூடியது 22,000. கேட்பது மூன்று: ஓராண்டுக்கு 22,000 மாத்திரம் வாங்கவேண்டும், கட்டாது நிற்கும் வட்டியை முதலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடலாகாது, தண்டவட்டி வேண்டாம். விடையை எழுத்திலே தரவேண்டும். சம்பளச் சீட்டின் பிரதியும் பாடசாலைச் செலவுச் சீட்டுகளும் இணைப்பு. அவ்வளவுதான். ஒரு விசேடணம் கிடையாது. நான் வாசித்த நல்ல வசனங்களிலே அதுவும் ஒன்று.

முதற் கடிதத்துக்கு வாய்மொழியாகவே விடை வந்தது, முடியாது என்று. இரண்டாம் கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்குப் பிரதியிட்டு எழுதினார். மத்திய வங்கியிலே நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது. நிதிக் குறைகேள் அதிகாரி என்று கொழும்பிலே ஒருவர் இருக்கிறார், அவர் முறைப்பாடு கேட்பதற்குக் கட்டணம் இல்லை. இவ்விரண்டையும் கடிதத்தின் கடைசி வரியிலே, பயமுறுத்தலாக அன்றி, அறிந்திருக்கிறேன் என்ற அளவிலே குறிப்பிட்டார். ஆறு கிழமை சென்றது. கேட்ட மூன்றில் இரண்டைத் தந்தார்கள். 22,000 ரூபா ஓராண்டுக்கு. எஞ்சிய வட்டி தனிக் கணக்கிலே, வட்டியில்லாமல். ஏற்கெனவே ஏறிய தண்டவட்டியை மாத்திரம் விடவில்லை.

இது வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஓராண்டிலே கட்டிய 22,000 முழுதும் வட்டிக்கே போயிற்று. முதல் ஒரு சதமும் குறையவில்லை. தனிக் கணக்கிலே 190,000 ரூபா சேர்ந்தது. ஆனாலும் அந்த ஓராண்டு பிள்ளைகள் மூன்று நேரமும் சாப்பிட்டார்கள். மகள் சங்கீத வகுப்புக்குத் திரும்பினாள். ‘பிடிக்கவில்லை’ என்பது பொய் என்று அப்போதுதான் தாய்க்குத் தெரிந்தது. 2023 ஆம் ஆண்டு யூனிலிருந்து கொள்கை வட்டி இறங்கத் தொடங்கியது. வட்டி ஏறும்போது குதிரை, இறங்கும்போது ஆமை. வங்கியின் வாசலிலே புதுக்கடனுக்குக் குறைந்த வட்டி என்று பலகை தொங்கியது. ஆசிரியையின் பழைய கடனுக்கு உள்ளே பழைய வட்டிதான். மூன்றாவது கடிதம் போன பிறகே அதுவும் இறங்கியது. மாறும் வட்டி என்றால் கீழேயும் மாறவேண்டும் என்பதை நினைவூட்ட ஒரு தமிழ் வாக்கியம் வேண்டியிருந்தது.

இதற்கிடையே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணி ஆசிரியையின் பெயரிலே இருக்கிறது. அதை விற்று முதலிலே ஒரு பகுதியைக் குறைத்துவிட்டால் தொல்லை பாதியாய்ப் போகும். நல்ல யோசனை. நொத்தாரிசிடம் போனார். அவர் கேட்டது, கணவரின் எழுத்து மூலமான சம்மதம். தேசவழமைக்கு உட்பட்ட பெண், விவாகம் நிலைத்திருக்குமட்டும், தன் சொந்த அசைவில்லா ஆதனத்தைக்கூடக் கணவனின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. 1911 ஆம் ஆண்டில் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைக் கட்டளைச் சட்டம் இதை விதிக்கிறது. கைவிட்டுப் போனவன், இருப்பிடம் தெரியாதவன் ஆனால் மாவட்ட நீதிமன்றத்திலே மனுச் செய்து அனுமதி பெறலாம் என்றும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. வழி உண்டு, வழிச்செலவும் உண்டு. தவணைக்குக் காசில்லாதவர் வழக்குக்கு எங்கே போவார்? கடனைக் கட்ட இல்லாத கணவன், கையொப்பத்துக்கு மாத்திரம் இருந்தே ஆகவேண்டும்! காணாமற்போனவர்களின் மனைவியரை எண்ணிப் பாருங்கள். 2016 இலே வந்த சட்டத் திருத்தம் அவர்களுக்குக் ‘காணாமை’ சான்றிதழ் ஒன்றைத் தந்தது. சுடலைக்கும் வீட்டுக்கும் நடுவிலே நிற்கிற அந்தப் பெண்கள், தங்கள் தாய் கொடுத்த காணியைத் தங்கள் பிள்ளைக்காக விற்க, யாருடைய ஒப்பத்தைத் தேடுவார்கள்? நமது வழமைகளிலே எனக்குப் பற்று உண்டு. ஒல்லாந்தர் 1707 இலே தொகுப்பித்த அந்த நூலை மரியாதையோடு வைத்திருக்கிறேன். ஆயினும் இந்த ஒரு விதி இனியும் நிற்பதற்கு ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. ஜீவனாம்சம் கேட்கலாம், 1999 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பர். கேட்கலாம். கடல் கடந்தவன் காதிலே அது விழவேண்டும்.

ஆசிரியை சம்பளக்காரர், கடிதம் எழுதத் தெரிந்தவர், பிணைக்கு ஒரு பண்டிதனாவது இருந்தான். வன்னியிலும் மட்டக்களப்பிலும் கிழமைதோறும் வாசலுக்கு வந்து கடன் தண்டும் நிதி நிறுவனங்களிடம் அகப்பட்ட பெண்களுக்கு இவை ஒன்றும் இல்லை. போர் முடிந்ததும் வீதி திறந்தது; வீதியால் முதலில் வந்தவர்களிலே கடன் கொடுப்போரும் இருந்தனர். ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி தவறினால் மற்றவர்கள் அவள் முற்றத்திலே போய் இருக்கவேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று கடன் குட்டி போட்டது. உயிரையே மாய்த்துக்கொண்டவர்களின் செய்தியும் வந்தது. 2018 ஆம் ஆண்டிலே அரசாங்கம், வரட்சியால் நலிந்த 12 மாவட்டங்களிலே, பெண்கள் எடுத்து நிலுவையாய் நின்ற 100,000 ரூபா வரையான கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் சொன்னது. 35 உச்சமென்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் ஆசிரியையிடமும் அந்தக் கைகள் வந்தன. வங்கித் தவணைக்கு நாங்கள் தருகிறோம் ரீச்சர், ஒரு கையெழுத்துப் போதும் என்றார்களாம். கடனைக் கட்டக் கடன் எடுக்கக்கூடாது என்பதை அவர் எப்படியோ அறிந்திருந்தார். அரச ஊழியருக்கு 4.2 வீத வட்டியிலே இடர் கடன் என்று ஒன்று உண்டு. எடுப்பதானால் அதையே முதலில் பார்க்கவேண்டும். ஏற்கெனவே எடுத்திராதவர்களுக்குத்தான் அது உதவும். அவர் எடுத்திருந்தார், கூரைக்கு ஓடு போட.

பிணை நிற்போருக்கும் ஒரு வார்த்தை. கடன்காரி தவறினால் வங்கி நம்மிடம் வரும் என்பது நமக்குத் தெரிந்தே நாம் ஒப்பமிடுகிறோம். கடிதம் வந்த அன்றைக்கு, ஏமாற்றப்பட்டவர்போல முகத்தை வைத்துக்கொள்வது அழகன்று. பிணை என்பது கையொப்பத்தோடு முடிகிற உபகாரமும் அன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தவணை எப்படிப் போகிறது என்று வீட்டாரைப்போலக் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் அவர் மூன்று மாதத்துக்கு முந்தியே சொல்லியிருப்பார், அடைவுக்குப் போன நகையிலே பாதி வீட்டிலே இருந்திருக்கும். நம்முடைய ஆசிரியர் சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் எதற்கு இருக்கின்றன? வருடாந்தக் கூட்டத்திலே பொரியல் பொட்டலம் கொடுக்கவா? 1911 ஆம் ஆண்டிலே இந்நாட்டிலே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது, வட்டிக்காரன் கையிலே சிக்கிய எளியவனை மீட்பதே அதன் நோக்கமாய் இருந்தது. தனித்து நிற்கும் தாய்மாருக்கு ஆறு மாதத் தவணையைத் தாங்கிக் கொடுக்க ஒரு சிறு நிதியை ஒதுக்கும்படி எங்கள் சங்கத்திலே நான் பிரேரணை கொண்டுவந்தேன். எல்லாருக்கும் அப்படிச் செய்யமுடியுமா என்றார்கள். எல்லாரும் கேட்கவில்லையே என்றேன். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.

வகுப்பிலே அரிச்சந்திரன் கதை வந்த நாளிலே, சத்தியத்தின் பெருமையை நான் விரித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “ஐயா, விற்கும்போது லோகிதாசனிட்டை ஒருத்தரும் கேட்கேல்லையோ?” என்றாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். புராணத்திலே அவனைக் கேட்டதாக ஓரிடமும் எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வியைக் குறிப்பேட்டிலே எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சை வினாத்தாளிலே ஒருநாள் சேர்ப்பேன்.

ஆசிரியையின் கடன் இன்னும் முடியவில்லை. தவணை இப்போது தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியிருக்கிறது. தனிக் கணக்கிலே கிடக்கும் அந்த 190,000 ரூபாவை மெல்ல மெல்லக் குறைத்துவருகிறார். அதற்கு வட்டி ஏறவில்லை என்பதை ஆண்டுக்கு ஒருமுறை மார்கழியிலே கடிதம் எழுதிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார். கடந்த மார்கழிக் கடிதத்தை மகளே எழுதினாளாம். அனுப்புமுன் என்னிடம் காட்டினார்கள். ‘நிலுவை’ என்பதிலே லகரம் ளகரமாய் இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.